காலை அளந்தேன்

முதலில் நூலை வட்டம் என்றார்கள்.
குறுக்கே வெட்டினால் நாணயம்,
எதற்கும் நசியாத வட்டம்.
கணக்குக்கு அது போதுமாயிருந்தது.
பிறகு யாரோ உருப்பெருக்கியில் குனிந்து
நூல் நசிந்து கிடப்பதைக் கண்டதும்
நீள்வட்டம் என்றார்கள். அதற்கும் பிறகு
ஓட்டப்பந்தயத் திடல்:
இரு முனையும் வளைவு, நடுவில் நேர்கோடு.
கணினி வந்தது.
நூல் ஆயிரம் துண்டாயிற்று,
ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிடம்
எவ்வளவு இழுக்கிறாய் என்று கேட்கப் பழகியது.

நான் வந்து சேர்ந்தது இந்த இடத்தில்.
கொக்குவிலில் ஒரு மாடி அறை.
மின்விசிறி கணினிக்கு, எனக்கில்லை.
நான் திரையில் பின்னுவது ஓர் உறை,
முழங்காலுக்குக் கீழே முடிந்துபோன காலுக்கும்
செயற்கைக் காலின் கிண்ணத்துக்கும்
இடையில் போடுகிற பருத்திப் பின்னல்.
ஒரு கண்ணியைச் சரியாக வளைக்க
ஒரு மாரி முழுக்கப் போயிற்று.
இப்போது இருபத்தோராயிரம் கண்ணி.
ஒருமுறை உராய்வுக் குணகத்தில்
ஒரு பூச்சியம் கூடிப்போய்
உறை முழுவதும் தண்ணீராய் வழிந்தது.

பதினான்கு மணி நேரம் ஓடவேண்டிய கணக்கு
கரண்ட் போய் இரண்டு தரம் செத்தது.
மூன்றாம் தரம், விடிய எழும்பிப் பார்த்தால்
எங்கும் பச்சை.
சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை.
அன்றைக்குப் புட்டோடு இரண்டு முட்டை பொரித்தேன்.

அமலதாசன் பாசையூரிலிருந்து
தன் ஓட்டோவிலேயே வந்தார்.
படத்தைப் பார்த்து, வடிவாயிருக்கு என்றார்.
"ஆனா பின்னேரம் நாலு மணிக்கு நோகுது."
எங்கே?
தொட்டுக் காட்டினார்.
என் படத்தில் அந்த இடம் நல்ல பச்சை.

கீழே கூட்டிப்போய்
ஓட்டோவின் முன்பெட்டியைத் திறந்தார்.
வாகன வரிப் பத்திரம், டோர்ச், ஒரு செபமாலை,
சுருட்டி வைத்த உறைகள்:
மெல்லியது ஒன்று, தடித்தது இரண்டு.
"மத்தியானத்துக்கு மேல கால் வத்திப் போகும்.
ஆஸ்பத்திரியடியில நிண்டு
ஒண்டைக் கூடப் போடுவன்.
ஹயர் கிடைச்சா மறந்திடுவன்.
அண்டைக்குத்தான் நோகும்."

மேலே வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன்.
ஒன்பது மணி, வியாழன்.
"காலை அளந்தேன்" என்று என் கையெழுத்து.
உண்மைதான்.
அளந்தது காலையை மட்டும்.
பின்னேரம் என்று ஒரு கால் இருப்பது
இருபத்தோராயிரம் கண்ணியில்
ஒன்றுக்கும் தெரியாது.

அடுத்த கிழமை
ஒன்பதுக்கு அளந்தேன், பன்னிரண்டுக்கு அளந்தேன்.
வியர்வைக்கும் ஓர் எண் வேண்டியிருந்தது,
சித்திரைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று.
நாலு மணிக்கு அமலதாசன்
கிண்ணத்தைக் கழற்றிக் கதிரையில் சாய்த்துவிட்டு
வெயிட்டிங் காசு கேட்டார்.
நியாயம். கொடுத்தேன்.
ரசீது எழுதச் சொன்னதற்குச் சிரித்தார்.

கணக்குக்குள் இப்போது ஒரு மணிக்கூடு ஓடுகிறது.
ஆகவே நாற்பத்திரண்டு மணி நேரம்.
சனிக்கிழமை கொக்குவிலுக்குக் கரண்ட் இல்லையாம்.
ஞாயிறு விடியத் தொடங்கலாம்.