கணையம்

வெஸ்ட்மீட் மருத்துவமனை, இரண்டாம் மாடி.
காலை ஒன்பது இருபது.
என் வேலையின் முதல் விதி:
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
இரண்டாவது: கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
அழக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை,
ஆனாலும் தெரியும்.

திரவியநாதன், ஐம்பத்தெட்டு வயது,
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை.
கண் மஞ்சளாகி மூன்று கிழமை.
நோவில்லை, உடம்பெல்லாம் ஒரே கடி.
மா ஒத்துக்கொள்ளவில்லை என்று தானே முடிவுகட்டி
கற்றாழை பூசியிருந்தார்.

டாக்டர் கரலிஸ் கேட்கிறார், நான் கேட்கிறேன்:
புகைப்பீர்களா?
"நான் இருபத்தாறு வருசம் புகைத்தேன்"
என்கிறேன் ஆங்கிலத்தில்,
ஒரு சிகரெட்டையும் தொட்டறியாத நான்.
"எனக்குப் போன வின்டரில்தான் சீனி வருத்தம் பிடிபட்டது.
பெல்ட்டில் புதிதாய் இரண்டு ஓட்டை குத்தினேன்.
வண்டி குறைந்துவிட்டதென்று மனுசிக்குச் சந்தோசம்."

குடும்பத்தில் யாருக்காவது?
"அப்பாவை ஆமி கொண்டுபோனது.
இருந்திருந்தால் அவருக்கு என்ன வருத்தம் வந்திருக்குமோ,
எனக்குத் தெரியாது."
இந்த வரிக்கு எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
'தெரியாது' என்ற கட்டத்தில்
டாக்டர் புள்ளடி போட்டார்.

பிறகு அந்தச் சொல் வந்தது.
'கணையம்' என்றேன்.
அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தா.
"அது எங்க கிடக்கு?"

ஈரல் தெரியும். ஈரக்குலை நடுங்கி ஓடி வந்தவர்கள்.
கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று
கல்லும் மண்ணும் நுரையுமாய்
உடம்புக்குப் பெயர் வைத்த மொழியில்
இது மட்டும் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது.
பழைய அகராதியில் கணையம் என்றால்
கோட்டைக் கதவின் குறுக்கே போடும் மரம்.
அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

டாக்டர் தாளில் வரைகிறார்:
வயிற்றுக்குப் பின்னால் மீன் மாதிரிப் படுத்திருக்கிறது.
தலைப்பக்கம் ஒரு கட்டி.
பித்தம் இறங்கும் வழியை அது அடைத்துவிட்டது.
கதவு. மரம்.
நான் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த படம். கல்லீரலில் மூன்று பொட்டு.
"அப்ப எனக்கு ரெண்டு கான்சரா?"
இல்லை, ஒன்றுதான்.
கணையத்தில் முளைத்தது ஈரலில் போய் விழுந்திருக்கிறது.
எங்கே போய் விழுந்தாலும்
அதன் ஊர்ப்பெயர் மாறாது.
டாக்டர் சொன்னது 'பெயர் மாறாது'.
'ஊர்' நான் கூட்டியது.

"தம்பி பாதி ஈரல் தருவான். திரும்ப வளருமாமே?"
வளரும்.
ஈரலிலேயே தொடங்கிய சில புற்றுக்கு,
நேரத்தோடு பிடித்தால், மாற்று ஈரல் வைப்பதுண்டு.
இதற்கு இல்லை.
வெட்டியெடுக்கும் கட்டமும் தாண்டிவிட்டது.
சின்னதாய் ஒரு குழாய் வைத்தால் மஞ்சள் இறங்கும்.
பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றலாம்.
மாற்றாது. தள்ளிவைக்கும்.

புனிதமலர் என் கையைப் பிடித்தா.
"பிள்ளை, அந்தக் கடைசி வரியை
அவருக்குச் சொல்லாதேங்கோ."
மூன்றாம் விதி: அறையில் எவர் பேசினாலும்
எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.
நான் அதையும் டாக்டருக்குச் சொன்னேன்.
"நான் செவிடில்லையப்பா" என்றார் திரவியநாதன்.
"நான் செவிடில்லை" என்றேன் நானும்.
யாரோ சிரித்தோம்.

அவருக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது:
"கடி எப்ப நிக்கும்?"
வியாழன் குழாய். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல.
"அப்ப சரி. நித்திரை கொள்ளலாம்."

லிஃப்ட் வாசலில்
பார்க்கிங் சீட்டின் பின்பக்கம் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார்.
மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி.
நான் திருத்தவில்லை.

பதினொரு மணிக்குக் கண் பிரிவு.
அங்கே எனக்கு எண்பத்தொரு வயது,
இடது கண்ணில் புரை.