கொம்பும் புள்ளியும்

டொக்யார்ட் வீதியில் போட்டோகொப்பிக் கடை.
இரண்டு கொம்பியூட்டர்,
ஒன்றில் ஒரு விசை கழன்று போயிற்று,
ஈர்க்குச்சியால் அமுக்குவோம்.
பதினொரு வருடமாக ஊருக்கு
முகவரி செய்து கொடுக்கிறேன்.
கட்டாருக்குப் போகிறவருக்கு,
பென்ஷன் விசாரிப்பவருக்கு,
பேராதனை கிடைத்த பிள்ளைக்கு.

பெயரைச் சொல்வார்கள்.
நெடிலை வெட்டிக் குறிலாக்கி,
லகரம் ளகரம் ழகரம் மூன்றையும்
ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி,
பிறந்த வருடத்தை வாலாக ஒட்டிக் கொடுப்பேன்.
இது நானா என்று ஒருவரும் கேட்டதில்லை.
பாஸ்வேர்டைத்தான் கேட்பார்கள்.

என் பெயர் குழல்மொழி.
அடையாள அட்டையின் ஆங்கிலத்தில் குலல்மொலி.
கிளினிக் கொப்பியில் குளல்.
வங்கியில் ஒரு பெண் பிள்ளை
எழுத்தெழுத்தாய்ப் படித்து
குஸ்ஹல்மொஸ்ஹி என்று கூப்பிட்டாள்.
வரிசையே திரும்பிப் பார்த்தது.
நானும் திரும்பிப் பார்த்தேன்,
யாரது என்று.

ஊருக்கும் இதே கதைதான்.
துறைமுகத்தில் இறங்கியவன் நாக்குக்கு ஏற்றபடி
திருக்கோணமலை மடங்கிக் கொடுத்தது.
இன்னும் நிமிரவில்லை, பஸ்ஸின் நெற்றியில்.

போன ஐப்பசி,
மழைக்கு ஆளில்லாத ஒரு பகல்,
தமிழ் எழுத்திலேயே முகவரி எடுக்கலாம் என்று கண்டு
எனக்கொன்று எடுத்தேன்.
நத்தைக் குறிக்கு இந்தப் பக்கம் குழல்மொழி.
அந்தப் பக்கமும் தமிழ்.
வால் இல்லை, வருடம் இல்லை.
எனக்கு அது ஐந்தெழுத்து.
மெசினுக்கு ஒன்பது.
உகரச் சுழியை ஒரு ஆள்,
புள்ளியை ஒரு ஆள் என்று
குடும்பத்தைப் பிரித்துத் தலை எண்ணியது.

மின்சார சபைப் படிவம் சிவப்பாகியது:
சரியான முகவரியைத் தருக.
தந்தேன். தருக என்றது.
ஒஸ்லோவில் தம்பியின் கந்தோர்
கடிதத்தை வாசலிலேயே திருப்பி விட்டது.
நத்தைக்கு அந்தப் பக்கத் தமிழ்
எக்ஸ், என், இரண்டு கோடு,
பிறகு பல் கொட்டியதுபோல் எழுத்தும் இலக்கமும்.
இந்தப் பக்கம்
என் பெயர் இருந்த இடத்தில்
ஒன்பது கேள்விக்குறி.

இன்னொரு திரையில் எழுத்து வந்தது, உடைந்து.
மகரத்தை விட்டுக் கொம்பு தனியே,
பக்கத்தில் துளித்துளியாய் ஒரு வெற்று வட்டம்,
மெய் இருந்த இடம்.

கிண்ணியாப் பாலம் கடந்து
மீன் பில் அடிக்க வரும் றிழ்வான்
எட்டிப் பார்த்தார்.
"உங்கட ழ வேற, எங்கட ழ வேற" என்றார்.
அவருடையது அரபித் தொண்டையில் புறப்பட்டு
இங்கே கரையேறி
இந்த எழுத்தைச் சட்டையாய்ப் போட்டது.
என்னுடையதற்கு நாக்கை மடிக்க வேண்டும்.
ஆங்கிலத்தில் போனால் ரெண்டுக்கும்
அதே இரவல் எழுத்து.
"எனக்கும் ஒண்டு எடுங்க."

எடுத்தோம்.
அந்தக் கதிரையில் இருந்து
இந்தக் கதிரைக்கு அனுப்பினார்.
நாலடி தூரம்.
எந்தெந்தக் கடலடியால் சுற்றியதோ,
பிளேன்டி ஆறுவதற்குள் வந்தது.
"ழ வந்ததா?"
"வந்தது."
"முழுசாவா?"
"முழுசா."
அதற்குமேல் எழுதுவதற்கு
இருவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

கடை சாத்துகிற நேரம்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
படியில் வந்து நின்றது.
கொம்பு தலையில் சரியாகப் பொருந்தி,
புள்ளி ஒன்றும் உதிராமல்.
ஊர் முழுக்கத் திரிகிறது,
எந்தப் படிவமும் அதை மறித்ததில்லை.

தம்பியின் கந்தோர் திருப்பியதை
அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன்,
ஆருக்கு முறையிடுவது என்று தெரியாமல்.
மான் கழுத்தை நீட்டி இழுத்தது.
கேள்விக்குறிகளையும் சேர்த்து மென்றது.

"பேப்பரைத் தின்னுது, துரத்துங்க" என்றேன்.

றிழ்வான் குடையை விரித்தபடி
"விடுங்க" என்றார்,
"அதுக்காவது செமிக்கட்டும்."