இடைவெளி விடவும்

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பத்தே கால்.
எண்ணூர் விரைவுச் சாலை, கல் கொட்டிய கரையோரம்.
துறைமுக வாயிலுக்கு இன்னும் நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள்.
எண்ணிச் சொன்னவள் மொபெட்டில் டீ விற்கும் பவுனம்மா.
எண்ணிக்கையில் அவள் பொய் சொல்வதில்லை,
சர்க்கரையில்தான்.

என் முன்னே ஒரு ட்ரெய்லர்.
அதன் முதுகில் மஞ்சள் எழுத்து: இடைவெளி விடவும்.
நாலு மணி நேரமாய் இதையே வாசிக்கிறேன்,
வேதம் வாசிப்பதைவிடக் கவனமாய்.

இருக்கைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை தொங்குகிறது,
புஷ்பலீலா இஸ்திரி போட்டுக் கொடுத்தது.
பதினொன்றுக்குத் தண்டையார்பேட்டையில் ஆராதனை.
பஞ்சர் கடை மாடி, எண்பது பிளாஸ்டிக் நாற்காலி,
ஒரு கட்டை வேலை செய்யாத கீபோர்டு.
பெட்டியை உள்ளே இறக்கிவிட்டு
பன்னிரண்டுக்குள் படியேறிவிடலாம் என்று
மதியம் மணலியில் கணக்குப் போட்டேன்.
மதியத்தில் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

பனிக்கும் கொசுவுக்குமாய்
உடைந்த பலகைகளை எரித்து உட்கார்ந்திருந்தோம்.
"ஏம்பா, நீ வேதக்காரன்தானே?
கோயிலுக்குப் போகல?"
பவுனம்மா கேட்டதும்
ஆறேழு முகங்கள் நெருப்பிலிருந்து என் பக்கம் திரும்பின.

இந்தக் கேள்வியை
இப்படி ஒரு நெருப்போரம்
ஒருத்தி ஒருவனிடம் முன்பே கேட்டிருக்கிறாள்.
அவனும் இடைவெளி விட்டே பின்னால் போனவன்.

"எப்பவாச்சும்" என்றேன்.
இல்லை என்று சொல்லவில்லை.
ஆமென்றும் சொல்லவில்லை.
சேவல் எதுவும் கூவவில்லை.
இந்தச் சாலையில் ஏது சேவல்,
ஏர் ஹார்ன்தான்.

பதினொன்று நாற்பதுக்கு வரிசை நகர்ந்தது.
முன் வண்டி நகரவில்லை.
ஏறிப் பார்த்தேன்.
ரத்தன் மாஜி, தன்பாத் பக்கத்து ஆள்,
கம்பளிக்குள் அனலாய்க் கிடந்தான்.
அவனுக்கு முன்னால் நாற்பதடி வெறும் சாலை.
பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராய்
வலப்புறம் ஒடித்து அதில் நுழைந்தார்கள்.
ஓடிவந்து ஏறி நானும் ஒடித்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது,
ஸ்டியரிங் பாதி திரும்பிவிட்டது.
அந்தக் குலுக்கலில்
வெள்ளைச் சட்டை ஆடி என் தோளைத் தட்டியது.

சாட்சி நேரத்தில் இதைச் சொன்னால்
தேவன் தொட்டார் என்பார் பாஸ்டர் ஏனோக்.
சட்டைதான் தொட்டது.
ஆனாலும் நிறுத்தினேன்.

டேஷ்போர்டில் கிடந்த காய்ச்சல் மாத்திரை,
அவன் புட்டியில் மிச்சத் தண்ணீர்.
பிறகு அவன் வண்டியை முப்பதடி ஓட்டினேன்.
இறங்கி நடந்து வந்து
என் வண்டியை முப்பதடி.
மறுபடி அவனுடையது.
ஒரே தூரத்தை இரண்டு முறை ஓட்டி,
நடுவில் ஒருமுறை திரும்பி நடந்து.
பின்னால் நின்றவன் என் தாயைத் திட்டினான்.
நியாயம்தான், அவனுக்கும் வீடு இருக்கிறது.

பன்னிரண்டு அடித்தபோது
நான் எந்த வண்டியிலும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே,
ஒரு வார் அறுந்த செருப்போடு நின்றிருந்தேன்.
துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம்
ஒரே மூச்சில் ஊதின.
காசிமேட்டுப் பக்கம் வாணம் ஏறியது.
மணலி ஆலையின் உச்சித் தீ மட்டும்
நேற்று எரிந்த மாதிரியே எரிந்தது.
பாதத்தில் சரளைக்கல் குத்திக்கொண்டிருந்தது.
ஜெபம் என்று எதுவும் வரவில்லை.
"சரி" என்றேன், சத்தமாய்.
யாரிடம் என்று அவருக்குத் தெரியும்.

புஷ்பலீலா படம் அனுப்பியிருந்தாள்:
என் பேருக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டை.
"நான் உன்" வரைக்கும்தான் தெரிகிறது,
மீதியை அவள் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.
கேட்டு எழுதலாமென்று விரலை வைத்தேன்.
வரிசை நகர்ந்தது.

இரண்டு மணிக்கு,
இன்னும் எழுபத்தொரு வண்டிகள் என்று சொல்லி
பவுனம்மா டீயை நீட்டினாள்.
சர்க்கரை இருந்தது.
"அக்கா, அப்ப கேட்டியே..."
"என்ன கேட்டேன்?"
அவளுக்கு நினைவில்லை.
"ஆமாக்கா" என்றேன்.
பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
ரத்தனுக்கும் ஒன்று ஊற்றினாள்.