நாலாம் பிரிவு

மே மாதம். ஏரியில் பனி உடைந்து
மூன்று நாளாயிற்று.
சீசன் முடிந்தது என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
என் மேசைமேல் எழுபத்தொரு தாள்கட்டுகளும்
ஒரு புது ரப்பர் பெட்டியும்
வந்து உட்காரும், அவ்வளவுதான்.

வாடகைத் தாள்கள்.
ஹாம்பர்க்கிலிருந்து யொயென்சு வந்தவை,
ஹாம்பர்க்குக்கே போகவேண்டியவை.
பென்சில் குறி எல்லாவற்றையும் அழித்துத்தான்
அனுப்பவேண்டும். ஒப்பந்தம், நாலாம் பிரிவு.

ஆக, சீசனைக் கடைசியிலிருந்து
அழித்துக்கொண்டு வருகிறேன்.

முதல் வயலின், மூன்றாம் மேசை: "இருமாதே".
பிப்ரவரிக் காய்ச்சலில்
பாதிப் பேர் படுத்துக்கொண்ட வாரம் அது.
டிரம்போன்: "97 கட்டம் சும்மா".
அதன் கீழே ஒரு மீன். நல்ல மீன்,
செதில்வரை வரைய நேரம் இருந்திருக்கிறது.
ஹார்ப்: "கரண்ட் போனாலும் நிறுத்தாதே".
டிசம்பர்ப் புயலில் போகத்தான் போனது.
இருட்டில் பதினோரு கட்டம் வாசித்தார்கள்.
இருமல்கூட இல்லாமல் கேட்டது கூட்டம்.

கோல் பிடித்தவரைக் கவனிக்கவேண்டிய இடத்தில்
ஒரு மூக்குக்கண்ணாடி வரைவது
இசைக்காரர்களின் வழக்கம்.
இரண்டு வட்டம், நடுவே ஒரு வளைவு.

இரண்டாம் பஸூன் அவுலிஸ்,
உறைபனியிலும் சைக்கிளில் வருகிற மனிதர்,
மெதுவான பகுதியில்
நூற்றுப்பன்னிரண்டாம் கட்டத்துக்கு மேல்
கண்ணாடி வரைந்திருக்கிறார்.
பக்கத்தில் ஓர் அம்பு.
அம்பு மேடையின் முன்னே போகவில்லை,
இடப்பக்கம் வளைந்து
செல்லோக்களைக் காட்டுகிறது.

ஹில்க்காவின் தாளைத் தேடி எடுத்தேன்.
நூற்றுப்பன்னிரண்டு.
விரல் எண்கள். வில் மேலே, வில் கீழே.
வேறொன்றுமில்லை.
வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தேன்.

கடைசிக் கச்சேரியில் நூற்றுப்பதினாலில்
அவுலிஸ் அரை மூச்சு பிந்தி நுழைந்தார்.
"பஸூனின் தயக்கத்தில்
சிம்பொனியின் மொத்தத் துயரமும் இருந்தது"
என்று எழுதியது உள்ளூர்ப் பத்திரிகை.
அதை வெட்டி, காபி மெஷின்மேல்
யாரோ ஒட்டிவைத்தார்கள்.
அவர் காபி குடிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அழித்தேன்.
கண்ணாடி போய்விட்டது.
அம்பை அழுத்தி வரைந்திருக்கிறார்,
கரி போனபிறகும் பள்ளம் நிற்கிறது.
இன்னும் தேய்த்தால் தாள் கிழியும்.
கிழிசலுக்கு அபராதம் உண்டு,
பள்ளத்தைப் பற்றி
நாலாம் பிரிவில் பேச்சே இல்லை.

வேறேதோ ஊரில், அக்டோபரில்,
விளக்கு சாய்வாய் விழுகிற மேடையில்
ஒரு பஸூன்காரி
காரணம் தெரியாமல் இடப்பக்கம் பார்க்கலாம்.
பார்க்காமலும் இருக்கலாம்.

துகளை ஊதித் தள்ளுகிறேன்.
தபால் நிலையம் ஐந்துக்கு மூடிவிடும்.
வயோலா முழுக்க அப்படியே கிடக்கிறது.