கூரைக் கொமிட்டி

மாளிகைக்காடு என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார் ஜெவ்தெத்.
மாளிகையும் காடும் என்றேன்.
இரண்டையும் தேடிக் கழுத்தைத் திருப்பினார்.
தெருவில் ஒரு மீன் லொறி,
ஐஸ் உருகி ஓடிய தண்ணீரை நக்கும் பூனை.

துருக்கியில், புர்சாவில்,
பழைய பள்ளிவாசல்களைப் பழுதுபார்க்கிற இஞ்சினியர்.
அறுகம்பேக்கு அலை பார்க்கப் போகிற வழியில்
என் மருமகன் ஹில்மியிடம் அகப்பட்டவர்.
பழைய பள்ளி, பழைய கபுறு, ஏதாவது உண்டா?

நான் உர வியாபாரி.
ஆனால் கடற்கரைச் சியாரத்தின் கூரைக் கொமிட்டிக்குப்
பதினெட்டு வருடமாகப் பொருளாளர்.
ரசீதுப் புத்தகம் எப்போதும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்.

பெரிய பள்ளிக்குக் கூட்டிப்போனேன்.
பழையது எங்கே என்றார்.
இதற்குக் கீழே என்றேன்.
உண்மைதான்,
இடித்த சுவரை அத்திவாரத்துக்கே போட்டோம்.
அவர் குனிந்து டைல்ஸைத் தொட்டார்
காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுகிறாற்போல.

பிறகு தன் ஊரை ஃபோனில் காட்டினார்.
கடலின் ஆழத்திலிருந்து வெட்டி எடுத்தது போன்ற பச்சை ஓடுகள்.
வரிசையாகச் சுல்தான் வீட்டுப் பிள்ளைகள்,
தலைமாட்டுக் கல்லில் செதுக்கிய தலைப்பாகை.
ஹில்மி வாயை மூடவில்லை.
எனக்குக் கோபம் வந்தது,
யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சியாரத்துக்கு மணலில் நடந்தே போகவேண்டும்.
நாலு சுவர், அதில் ஒன்று சாய்வு.
நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த கபுறு.
வாப்பா காலத்தில் பதினெட்டு முழம்,
கந்தூரிக்குக் கந்தூரி பூசிப் பூசி
இப்போது இருபத்தொன்று.
உள்ளே யார் என்றார்.
கடலால் வந்தவராம், பெயர் தெரியாது.
கூரை?
அது கடலால் போனது என்றேன்.
ஹில்மி மொழிபெயர்க்க வாயெடுத்தான்.
தேவைப்படவில்லை.

கிழக்குப் பக்கத்து மணலை நான் காட்டவில்லை.
மீஸான் கட்டை நட அன்றைக்கு நேரமிருக்கவில்லை.
கபன் துணியும் எல்லோருக்கும் காணவில்லை.
என் பஸ்மினா அங்கேதான்.
தாழம் புதரிலிருந்து ஏழெட்டு எட்டு என்று
நானாக வைத்திருக்கிறேன் ஒரு கணக்கு.
கடலும் வருடத்துக்கு ஒரு எட்டு
எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறது.

ஜெவ்தெத் அண்ணாந்து வெகுநேரம் நின்றார்.
பிறகு சொன்னார்:
எங்கள் ஊரில் ஒரு சுல்தான்
மௌத்தாகுமுன் எழுதி வைத்தார்,
என் மண்மேல் மழை விழவேண்டும் என்று.
ராஜாவுக்குக் குப்பா இல்லாமல் முடியுமா?
கட்டினார்கள்.
கட்டி, அதன் நடு உச்சியைத் திறந்தபடி விட்டார்கள்.
கீழே வெறும் மண், கொஞ்சம் புல்.
மழை நாளில் நான் அங்கே போவேன்.

சுவர் ஊறிப் பழுதாகாதா என்றேன்.
பழுதாகும், அதில்தான் என் சம்பளம்
என்று சிரித்தார்.

போகும்போது காசு தந்தார்.
ரசீதில் அவர் பெயரை மூன்று தரம் வெட்டி எழுதினேன்.
பதினாலு தகரத்துக்கும் தாராளமாகக் கண்டது.

தகரம் வந்து இரண்டு மாதம்.
என் உரக்கடைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது.
மாரி பிறந்துவிட்டது.
கொமிட்டித் தலைவர் இஸ்மாலெவ்வை ஹாஜியார்
இரண்டு தரம் ஆள் அனுப்பினார், மூன்றாம் தரம் தானே வந்தார்.
அளவான ஆணி கல்முனையில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.
என் முகத்தைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
ஒரு அந்தர் யூரியா வாங்கிக்கொண்டு போனார்.
அவருக்கு வயல் கிடையாது.

நேற்று இரவு நல்ல மழை.
விடியும்வரை தகரத்தில் தடதடவென்று ஒரே இரைச்சல்,
அயல் வீட்டார் லைட் போட்டார்கள்.
நான் படுத்துக் கிடந்தேன்.
அங்கே, மணலில்,
சத்தமில்லாமல் பெய்திருக்கும்.