காற்றுக்கு அரை அடி

முதல் கால்பகுதிக்குச் சிவப்பு மை, அடுத்ததற்கு நீலம்.
கூடை விழுந்தால் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு,
ஃப்ரீ த்ரோ என்றால் அழுத்திய புள்ளி,
தூரத்திலிருந்து போட்ட மூன்றுக்குச் சின்ன வட்டம்.
முழங்கால் போனபின் எனக்கு மிஞ்சியது
இந்த மேசையும் இரண்டு பேனாவும்.

பதிமூன்றாம் எண் சட்டையை யாரும் தொடவில்லை.
இமெல்டா எடுத்து மாட்டிக்கொண்டாள்.
காசிமேட்டுப் பெண். கூடை என்றால்
அவள் வீட்டில் வேறு அர்த்தம்:
அம்மா தலையில், ஐஸ் தண்ணீர் கழுத்தில் வழிய.
இவளுடையது பத்தடி உயரத்தில், அடியில்லாதது.

தண்டையார்பேட்டையில் எங்கள் மைதானம்.
சிமெண்ட் தரை, உப்பு தின்ற வளையம், வலை கிடையாது.
கிழக்குக் கம்பி வேலிக்கு வெளியே
துறைமுகத்துக்கு நிற்கும் கண்டெய்னர் லாரிகள்,
அதற்கும் அப்பால் கடல்.
நாலு மணிக்கு மேல் காற்று எழும்பி
பந்தை அரை அடி இடப்பக்கம் தள்ளும்.
வெளி டீம்கள் வந்து திணறும்.
இமெல்டா வளையத்தைப் பார்த்து எறிந்ததே இல்லை.
வலப்பக்கம், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து எறிவாள்.
‘பாதி நான் போடுறேன், மீதிய அது போட்டுடும்.’

மூன்று வருடம்.
ஒரே ஆட்டத்தில் நாற்பத்து மூன்று.
காய்ச்சலோடு பத்தொன்பது.
கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டி
இடைவேளைக்குப் பிறகு ஓடி வந்த அன்று இருபத்திரண்டு.
அவள் எண்ணியதில்லை.
எண்ணுவது என் வேலை.

கல்லூரி நடையில் ஒரு பலகை.
எங்களுக்கு முந்திய ஒருத்தியின் பெயர், எதிரே 1,848.
கடைசி ஆட்டத்துக்கு வரும்போது
இமெல்டாவுக்கு முப்பத்தொன்று தேவை.
எனக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

நான்காவது கால்பகுதி. வளையத்தடியில்
மூன்று கைகள் ஒன்றாய் எழுந்தன. பந்து உள்ளே.
பன்னிரண்டு என்று எழுதிவிட்டேன்.
பன்னிரண்டு ரிஸ்வானா.
மூன்று வருடத்தில் ஒரு புள்ளி கிடையாது,
தண்ணீர் பாட்டில் தூக்கியதுதான் அதிகம்.
மணி அடித்ததும் திருத்தப் பேனாவைத் திறந்தேன்.
மூலக்கொத்தளத்தில் டயர் கடையை மூடிவிட்டு
அன்றுதான் முதல்முறை வந்திருந்த அவள் அத்தா
மேசைமேல் குனிந்து, ‘எம் பொண்ணு எங்கம்மா?’ என்றார்.
காட்டினேன். அந்தக் கோட்டின் மேல் விரல் வைத்தார்.
கிரீஸ் ரேகை தாளில் ஒட்டிக்கொண்டது.

கேப்டன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.
பதிமூன்றுக்கு எதிரே இருபத்தொன்பது.
‘சரியாத்தான் இருக்குது. மூடு.’
தெரிந்து சொன்னாளா, கேட்க எனக்கு வாய் வரவில்லை.
பலகையில் பெயர் மாறவும் இல்லை.

பிறகு ரயில்வே செலக்‌ஷன். பெரியமேட்டில், உள்ளரங்கம்.
மரத்தரை, ஏசி, எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.
பத்துப் பந்து கொடுத்தார்கள்.
ஏழு, வலப்பக்க விளிம்பில், ஒரே இடத்தில்
ஆணி அடித்ததுபோல் பட்டுத் தெறித்தன.
தேர்வாளர் பேனாவை மூடிவிட்டுப்
பக்கத்திலிருந்தவரிடம் டீ வந்ததா என்று கேட்டார்.
காற்றே இல்லாத இடத்தில் ஆடவேண்டி வரும் என்று
எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது திருவொற்றியூரில் கூரியர் கிடங்கு.
சூப்பர்வைசர். பார்சலைக் கையில் வாங்கியதும்
எடை சொல்லிவிடுவாளாம், ஐம்பது கிராம் முன்பின்.

போன வியாழன் பழைய மைதானத்துக்குப் போனோம்.
கிடங்கின் நீலச் சட்டை, இடுப்பில் ஸ்கூட்டர் சாவி.
பையன்கள் ஏதோ அக்கா என்று பந்தைத் தந்தார்கள்.
மணி ஐந்து. கடல் வேலையைத் தொடங்கியிருந்தது.
அவள் வலப்பக்கம் பார்த்தாள்.
பையன்களில் ஒருவன் சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

என் ஆள்காட்டி விரல் தொடைமேல்
தானாக ஒரு சாய்கோடு போட்டது.
பந்து உருண்டு வர, குனிந்து எடுத்தபடி
என் பக்கம் பார்க்காமலே கேட்டாள்:
‘இந்தத் தடவ பதிமூணுலதான எழுதுன?’