இடது சிவப்பு

திரியெஸ்தேயில் அன்று போரா காற்று.
பேருந்துக்கு நின்றவர்கள்
கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தார்கள்.
நான் ஓட்டிப் போனது தங்கையின் ஃபியட்.
என் ஆல்ஃபா உதினேயில்,
உடைந்த பின்விளக்கின் மேல்
மருத்துவமனை பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு.

லீவியோ கொஷூதா ஷட்டரை
இடுப்பளவுக்குத்தான் தூக்கினார்.
"குனிந்து வாருங்கள். முழுசாய்த் திறந்தால்
என் கணக்கு நோட்டைக் காற்று வாங்கிக்கொள்ளும்."

உள்ளே கார் இல்லை.
கார் நின்ற நீளத்துக்குத் தரையில் எண்ணெய்க் கறை.
சுவர் முழுக்க ஆரஞ்சுப் பழப் பெட்டிகள்,
துடைப்பான் மோட்டார், கதவுக் கைப்பிடி,
காப்பி டப்பாவில் கார்புரேட்டர் ஜெட்டுகள்.
ஆஷ்ட்ரேயை இழுத்துப் பார்த்தேன்.
சாம்பல் அப்படியே இருந்தது.
"இருபது யூரோ. கழுவித் தந்தால் இருபத்தைந்து."

நோட்டைப் புரட்டினார்.
கதவுகள் கிராட்ஸுக்கு.
ஸ்டீயரிங், பாதுவாவில் ஒரு பல் மருத்துவருக்கு.
ஹாரன் மரிபோரில்.
கியர்பாக்ஸ் வாங்கியவன் பாதிப் பணம்தான் தந்தான்,
மீதி வரும்வரை அவன் பெயர் பென்சிலில்.
"நான் ஓட்டிய காலத்தில்
இந்த வண்டி கொரிட்சியாவைத் தாண்டியதில்லை."

பின்விளக்குகளைக் கம்பளிச் சட்டையில் சுற்றி வைத்திருந்தார்.
"எனக்கு இடது போதும்."
"ஜோடியாகத்தான். நூற்று நாற்பது."
"முழுக் காரையும் கழற்றி ஊர் ஊராய் அனுப்பியவர்
இரண்டு விளக்கைப் பிரிக்க மாட்டேன் என்கிறீர்களே?"
சட்டையின் கையை மடித்தார். விரித்தார்.
மறுபடி மடித்தார்.
ஷட்டர் படபடத்தது.

நான் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்து,
விளிம்பில் முடியளவு கீறல் என்றேன்.
இல்லாத கீறல்.
இருபது வருஷமாக ஊசிக்கு நரம்பு தேடும் கண்கள் என்னுடையவை,
அவர் நம்பினார் போலத்தான் இருந்தது.

எண்பதுக்கு முடிந்தது.
நான்கு திருகில் மூன்று தந்தார்.
நாலாவது இங்கேதான் எங்கோ, என்றார்,
தரையை மட்டும் பார்க்காமல்.

இரவே மாட்டினேன்.
தங்கை பின்னால் நின்றாள்,
நான் பிரேக்கை மிதித்தேன்.
"ரெண்டும் எரியுது.
ஆனா ரெண்டு வேற காரு மாதிரி இருக்கு."

இறங்கிப் பார்த்தேன்.
வலது, வெயிலில் நின்று நின்று
சலவைக்குப் போன சிவப்பு.
இடது, நாற்பது வருஷம்
கராஜ் சுவருக்கு மட்டும் முதுகு காட்டிய சிவப்பு,
உரித்த மாதுளை.
என் பின்னால் வருகிறவன்
எந்தச் சிவப்புக்கு நிற்பான்?

காலை ஏழு மணிக்கே அழைத்தேன்.
"வலது இருக்கிறதா?"
தாள் புரளும் சத்தம்.
"உங்கள் பெயரை நேற்றே எழுதிவிட்டேன்."
"பென்சிலிலா?"
"பேனாவில். தொண்ணூறு.
நாலாவது திருகும் கிடைத்துவிட்டது."

அப்புறம், காற்று கொஞ்சம் கடந்து போக விட்டு,
"இதில் கீறல் இல்லை," என்றார்.
"அதிலும்."